பிரவுசரில் பாஸ்வேர்டைச் சேமிக்கலாமா, கூடாதா?

செப்டம்பர் 2, காலை (வந்த கேள்வி)

"பிரவுசர் 'இந்தப் பாஸ்வேர்டைச் சேமிக்கட்டுமா?' என்று கேட்டால் வேண்டாம் என்று அழுத்திவிட வேண்டும் என்பது என் கட்சி. அதில் சேமிப்பதும் வீட்டைப் பூட்டிச் சாவியை நிலைப்படி மேல் வைத்துவிட்டுப் போவதும் ஒன்றுதான். நான் நோட்டில் எழுதி வைத்துக்கொள்கிறேன். நீங்கள் பல வருஷமாகப் பிரவுசரிலேயே வைத்திருப்பதாகச் சொன்னீர்கள். எந்தத் தைரியத்தில்?"

செப்டம்பர் 2, இரவு

நிலைப்படிச் சாவி என்பது சரியாகப் படவில்லை. அதை யார் கை நீட்டினாலும் எடுத்துவிடலாம். பிரவுசர் பாஸ்வேர்டை அப்படியே எழுதி வைப்பதில்லை. விண்டோஸில் குரோமை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் புரொஃபைல் ஃபோல்டருக்குள் 'லாகின் டேட்டா' என்று ஒரு ஃபைல் இருக்கும். சின்ன எஸ்க்யூலைட் டேட்டாபேஸ்தான். திறந்து பார்த்தால் தளத்தின் முகவரியும் யூசர்நேமும் நன்றாகப் படிக்க வரும். பாஸ்வேர்டு இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் ஒன்றும் புரியாத குவியல். 2020-இல் வந்த 80-ஆம் பதிப்பு முதல் அது ஏஇஎஸ்-256 என்ற வலுவான குறியாக்க முறையில் பூட்டப்படுகிறது. அந்த ஃபைலை மட்டும் ஒருவர் பென்டிரைவில் நகலெடுத்துக்கொண்டு போனால் பாஸ்வேர்டு எதுவும் அவருக்குக் கிடைக்காது.

ஆனால் என் தைரியத்துக்குக் காரணம் இந்தப் பூட்டு இல்லை. சில வருஷம் முன்பு ஒரு மெயில் வந்தது: உங்கள் மெயில்பெட்டி நிறைந்துவிட்டது, உடனே உள்ளே வந்து சரிசெய்யுங்கள் என்று. வேலை நெருக்கடியில் லிங்கை அழுத்திவிட்டேன். அதே நிறம், அதே சின்னம், அச்சு அசலாக அதே பக்கம். கர்சர் துடித்துக்கொண்டிருக்கிறது, கட்டம் இரண்டும் காலி. வழக்கமாகப் பக்கம் திறந்து முடிவதற்குள் பிரவுசர் இரண்டையும் நிரப்பி வைத்திருக்கும். என்ன ஆச்சு இதற்கு என்ற எரிச்சலில் நானே கையால் அடிக்க ஆரம்பித்தேன். யூசர்நேமில் இரண்டு எழுத்து அடித்த பிறகுதான் மேலே முகவரியைப் பார்த்தேன். சிறிய எல் வர வேண்டிய இடத்தில் எண் 1. என் கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகத் தெரிந்தன. பிரவுசர் எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பார்க்கிறது, அதனால் ஏமாறவில்லை.

நோட்டு இதைச் செய்யாது. நோட்டைப் பார்த்து நானே ஒரு எழுத்துப் பிசகாமல் அடித்துக் கொடுத்திருப்பேன்.

செப்டம்பர் 3, காலை

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். 'அந்த ஃபைலை மட்டும்' எடுத்துப் போனால் ஒன்றும் கிடைக்காது என்று சொன்னேன். அந்த 'மட்டும்' என்ற சொல்லுக்குள் முக்கியமான விஷயத்தை மறைத்துவிட்டேன். பூட்டின் சாவி எங்கே இருக்கிறது என்று சொல்லவே இல்லை.

அது பக்கத்திலேயே 'லோக்கல் ஸ்டேட்' என்ற இன்னொரு ஃபைலில் இருக்கிறது. அந்தச் சாவியும் பூட்டித்தான் இருக்கும். பூட்டுவது விண்டோஸின் டிபிஏபிஐ என்ற ஏற்பாடு. நீங்கள் உங்கள் விண்டோஸ் கணக்கில் லாகின் செய்திருந்தால் அது திறக்கும். சரி, லாகின் செய்தாகிவிட்டது, கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருக்கிறது. இப்போது உங்கள் பெயரில் ஓடும் எந்த புரோகிராமும் 'திறந்து கொடு' என்று கேட்கலாம், விண்டோஸ் கொடுத்துவிடும். கேட்பது பிரவுசரா வேறு எதுவுமா என்று அது பார்ப்பதில்லை.

மேக்கில் இந்தச் சாவி கீசெயினுக்குள் இருக்கும், லினக்ஸில் க்னோம் கீரிங்கிலோ கேவாலட்டிலோ (எல்லாமே அந்தந்த சிஸ்டத்தின் சாவிப் பெட்டிகள்). லினக்ஸில் அவை இரண்டும் இல்லையென்றால் குரோம் தன் நிரலுக்குள்ளேயே எழுதி வைத்த ஒரே சாவியைப் பயன்படுத்தும். அந்தச் சாவி ஊருக்கே தெரியும்.

ஆக, பாஸ்வேர்டுகளுக்கென்று தனிப் பூட்டு எதுவும் கிடையாது. கம்ப்யூட்டரில் உங்கள் கணக்குக்குப் போட்டிருக்கும் பூட்டுதான் இவற்றுக்கும் பூட்டு. நான் கடைசியில் சொல்லப்போவது எல்லாம் இதிலிருந்துதான் வரும் என்று நினைக்கிறேன்.

செப்டம்பர் 3, மாலை

மேலே சொன்னதை நம்பாதவர்களுக்கு ஒரு சோதனை. உங்கள் சொந்தக் கணக்கிலேயே செய்து பாருங்கள். லாகின் பக்கத்தைத் திறங்கள், பாஸ்வேர்டு புள்ளிப் புள்ளியாக நிரம்பட்டும். அந்தக் கட்டத்தின் மேல் வலது கிளிக் செய்து 'இன்ஸ்பெக்ட்' கொடுங்கள். ஒரு வரி வண்ணமாகத் தெரியும். அதில் 'பாஸ்வேர்ட்' என்று வகை குறித்திருக்கும் இடத்தை இரட்டை கிளிக் செய்து 'டெக்ஸ்ட்' என்று மாற்றி என்டர் தட்டுங்கள். புள்ளிகள் எல்லாம் எழுத்தாகிவிடும். பத்து வினாடி வேலை. கூட வேலை செய்யும் ஒருவருக்கு இதைச் செய்து காட்டினேன். அன்று முதல் அவர் எழுந்து போகும்போதெல்லாம் திரையைப் பூட்டிவிட்டுத்தான் போகிறார்.

2013 ஆகஸ்டில் இதே விஷயம் பெரிய வாதமாக எழுந்தது. அப்போது குரோமின் செட்டிங்ஸில் போய் 'காட்டு' என்று அழுத்தினால் போதும், எதுவும் கேட்காமல் பாஸ்வேர்டைக் காட்டிவிடும். குரோம் பாதுகாப்புக் குழுவின் தரப்பு என்னவென்றால், ஒருவர் உங்கள் கணக்குக்குள் உட்கார்ந்துவிட்ட பிறகு இன்னொரு பாஸ்வேர்டு கேட்பது பொய்யான நிம்மதியைத்தான் தரும் என்பது. பிற்பாடு கம்ப்யூட்டரின் பாஸ்வேர்டைக் கேட்கிற மாதிரி மாற்றினார்கள்.

மாற்றியது நல்லதுதான். ஆனால் அவர்கள் முதலில் சொன்னதிலும் உண்மை இருக்கிறது. மேலே உள்ள சோதனை, கம்ப்யூட்டர் பாஸ்வேர்டைக் கேட்கும் அந்தக் கேள்வியைச் சந்திக்காமலே சுற்றிக்கொண்டு போகிறது, பாருங்கள்.

செப்டம்பர் 6

முதல் நாளே சொல்லியிருக்க வேண்டிய ஒன்றை இப்போது சொல்கிறேன். அன்று என் கட்சியை நிலைநாட்டும் ஆசையில் விட்டுவிட்டேன். அது சரியில்லை.

போன வருஷம் என் பாஸ்வேர்டு எல்லாம் திருடு போனது. பிரவுசரில் இருந்த 214-உம்.

வீட்டில் ஒரு லேப்டாப், அதில் ஒரே கணக்கு. நான், மனைவி, லீவுக்கு வந்திருந்த அக்கா மகன் என்று எல்லோரும் அதையே திறப்போம். பையனுக்கு ஒரு விளையாட்டு வேண்டும். காசு கொடுக்காமல் கிடைக்கும் என்று ஒரு வீடியோ சொல்லியிருக்கிறது. இறக்கினது ஒரு ஜிப் ஃபைல், அதற்கு ஒரு பாஸ்வேர்டு. வீடியோவின் கீழேயே 'ஆன்டிவைரஸை நிறுத்திவிட்டுத் திறக்கவும்' என்ற குறிப்பு. பாஸ்வேர்டு போட்ட ஜிப்புக்குள் ஆன்டிவைரஸ் எட்டிப் பார்க்க முடியாது, அதற்காகத்தான் இந்த ஏற்பாடு. பையன் இரட்டை கிளிக் செய்திருக்கிறான். ஒரு கறுப்புச் சன்னல் வந்து மறைந்ததாம். விளையாட்டு வரவில்லை. மூடி வைத்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டான்.

இரண்டு நாள் கழித்து, விடிகாலை 2.40-க்கு ஃபோனில் அறிவிப்பு: உங்கள் மெயில் கணக்கில் புதிய சாதனத்தில் லாகின். ஓடிபி எதுவும் வரவில்லை. எனக்கு இரண்டடுக்குப் பாதுகாப்பு போட்டிருந்தது, அதனால் இது போலி அறிவிப்பாக இருக்கும் என்று ஐந்து நிமிஷம் படுத்தே கிடந்தேன். அந்த ஐந்து நிமிஷத்தை இப்போது நினைத்தாலும் வயிற்றைக் கலக்குகிறது.

எழுந்து போய் மெயில் பாஸ்வேர்டை மாற்றினேன், அதே லேப்டாப்பில். மாற்றியாகிவிட்டது என்று நிம்மதியாகப் படுத்தேன். காலையில் பார்த்தால் அந்த ஆள் இன்னும் உள்ளே இருக்கிறான். மெயிலில் ஒரு ஃபில்டர் போட்டு, 'பாஸ்வேர்டு' என்ற சொல் வரும் கடிதங்களையெல்லாம் என் கண்ணில் படாமல் குப்பைக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறான்.

அவன் பாஸ்வேர்டைப் போட்டு உள்ளே வரவே இல்லை. குக்கியை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறான். நாம் ஒருமுறை லாகின் செய்ததும் தளம் பிரவுசரிடம் ஒரு சீட்டுக் கொடுக்கும், 'இவர் ஏற்கெனவே சோதிக்கப்பட்டவர்' என்று. அந்தச் சீட்டைக் காட்டினால் ஓடிபி கேட்க மாட்டார்கள். நான் அழுத்த வேண்டியிருந்தது 'எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு' என்ற பொத்தான். அதை அழுத்தியது காலை எட்டரைக்கு.

செப்டம்பர் 6, இரவு

பையனைத் திட்டினீர்களா என்று கேட்கிறார்கள். இல்லை. என்ன செய்தான் என்பதை ஒன்று விடாமல் சொன்னவனே அவன்தான். அவன் பயந்து மறைத்திருந்தால் எங்கிருந்து வந்தது என்றே எனக்குத் தெரிந்திருக்காது.

செப்டம்பர் 7

அப்படியென்றால் பிரவுசர்மேல்தானே தப்பு என்பீர்கள். நானும் முதல் வாரம் அப்படித்தான் குமுறிக்கொண்டிருந்தேன். பிறகு யோசித்தேன். பாஸ்வேர்டு எல்லாம் நோட்டில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? குக்கி போயிருக்கும், மெயிலும் போயிருக்கும். உள்ளே வந்த புரோகிராம் தட்டுவதைப் பதிவுசெய்யும் வகையாக இருந்தால் நோட்டைப் பார்த்து நான் அடித்தவையும் ஒவ்வொன்றாகப் போயிருக்கும்.

ஆனால் 'ஒவ்வொன்றாக' என்பதில்தான் வித்தியாசம். நான் அடித்தவை மட்டும் போயிருக்கும். பிரவுசரில் இருந்ததால் 214-உம் ஒரே அள்ளலில் போயின, வருஷக்கணக்கில் தொடாதவையும் சேர்த்து. இந்தப் பழியிலிருந்து பிரவுசரை என்னால் விடுவிக்க முடியவில்லை.

இந்தத் திருட்டு புரோகிராம்களுக்கு இன்ஃபோஸ்டீலர் என்று பெயர். ரெட்லைன், ரக்கூன், விடார், லூமா என்று பல. மாத வாடகைக்கு விடுகிறார்கள், திருடத் தெரியாதவனும் வாடகைக்கு எடுத்துத் திருடலாம். 2024 அக்டோபரில் நெதர்லாந்து போலீஸ் மற்ற நாடுகளோடு சேர்ந்து ரெட்லைனின் சர்வர்களைப் பிடித்தது. 2025 மே மாதம் லூமாவின் முறை. மார்ச் 16 முதல் மே 16 வரை இரண்டே மாதத்தில் லூமா புகுந்த விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் 3,94,000-க்கு மேல் என்று மைக்ரோசாஃப்ட் சொன்னது. இது ஒரே ஒரு வகைக்கான கணக்கு.

செப்டம்பர் 7, சற்று நேரம் கழித்து

செப்டம்பர் 3-ஆம் தேதிக் குறிப்பில் 'விண்டோஸ் பார்ப்பதில்லை' என்று எழுதியதை இப்படிப் படியுங்கள்: வெகுகாலம் பார்த்ததில்லை. 2024 ஜூலையில் வந்த குரோம் 127-இல் புதிய ஏற்பாடு செய்தார்கள். உயர் அதிகாரத்தோடு ஓடும் ஒரு சேவை நடுவில் நின்று, சாவி கேட்பது குரோம்தானா என்று சோதிக்கிறது. முதலில் குக்கிகளுக்குக் கொண்டுவந்தார்கள். திருட்டுக்காரர்கள் சில மாதத்திலேயே அதைத் தாண்டும் வழிகளோடு வந்துவிட்டார்கள். இருந்தாலும் முன்பு ஓசையில்லாமல் எடுத்தவர்கள் இப்போது உடைத்து எடுக்க வேண்டியிருக்கிறது, உடைக்கும்போது ஆன்டிவைரஸ் கவனிக்க ஒரு வாய்ப்பு இருக்கிறது.

செப்டம்பர் 9

214-ஐ மாற்றிய கதையைச் சொல்லச் சொன்னார்கள். மூன்று இரவு, ஃபோனில் உட்கார்ந்து செய்தேன். லேப்டாப்பை முழுதாகத் துடைத்து விண்டோஸைப் புதிதாகப் போடும்வரை அதில் எதையும் அடிக்கவில்லை.

முதலில் மெயில். மற்ற எல்லாக் கணக்கின் 'பாஸ்வேர்டு மறந்துவிட்டது' கடிதமும் வந்து சேரும் இடம் அதுதான். அடுத்து பணம் சம்பந்தப்பட்டவை. அதற்கப்புறம்தான் மீதி. பட்டியலில் கீழே போகப்போக எனக்கே நினைவில்லாத தளங்கள். பாதி இப்போது உயிரோடு இல்லை. ஒன்று, நானும் ஒரு நண்பனும் சேர்ந்து படம் ஏற்றி வைத்த இடம். பாஸ்வேர்டு அவன் வைத்த பட்டப்பெயர். அவன் இறந்து நாலு வருஷம் ஆகிறது. அந்த ஒன்றை மட்டும் அன்று மாற்றவில்லை. அடுத்த நாள் படங்களையெல்லாம் இறக்கி வைத்துக்கொண்டு கணக்கை மூடினேன்.

கடைசியில் நிஜமாகத் தேவைப்பட்டவை 71. மீதி 143-ஐ ஏன் வைத்திருந்தேன்? பிரவுசர் கேட்டது, சரி என்று அழுத்தினேன், அவ்வளவுதான்.

செப்டம்பர் 10

ஃபயர்ஃபாக்ஸ் பற்றிக் கேட்டவருக்கு: அதில் 'பிரைமரி பாஸ்வேர்டு' என்று ஒன்று உண்டு, 2020 வரை 'மாஸ்டர் பாஸ்வேர்டு' என்று பெயர். அதைப் போட்டால் சேமித்தவை அதன் கீழ் பூட்டப்படும். ஆனால் தானாக வராது, நாம் போய்ப் போட வேண்டும். போடாவிட்டால் 'லாகின்ஸ்', 'கீ4' என்ற இரண்டு ஃபைல்களை நகலெடுத்து வேறு கம்ப்யூட்டரில் வைத்தாலே திறந்துவிடும். இப்போதே போடுங்கள்.

செப்டம்பர் 12

சிங்க் பற்றி இன்னும் பேசவில்லை. பிரவுசரில் நம் கணக்கைப் போட்டுவிட்டால் சேமித்ததெல்லாம் நாம் லாகின் செய்யும் ஒவ்வொரு சாதனத்துக்கும் போகும். வசதிதான். ஆனால் வீட்டுக் கணக்கை அலுவலகக் கம்ப்யூட்டரில் போட்டால் அலுவலகப் பாஸ்வேர்டு வீட்டுக்கு வந்துவிடும்.

2023-இல் ஆக்டாவில் நடந்தது இதுதான். நிறுவனங்களுக்கு லாகின் பாதுகாப்பு விற்கும் நிறுவனம் அது. ஊழியர் ஒருவர் அலுவலக லேப்டாப்பின் குரோமில் தன் சொந்த கூகுள் கணக்கைப் போட்டிருந்தார். ஒரு சர்வீஸ் அக்கவுன்ட்டின் (ஆளுக்கென்று இல்லாமல் மென்பொருள் வேலைக்கென்று வைத்த கணக்கு) பாஸ்வேர்டு அந்தச் சொந்தக் கணக்கில் சேமிக்கப்பட்டுவிட்டது. அந்தச் சர்வீஸ் அக்கவுன்ட் வழியாக உள்ளே போனவர்கள் 134 வாடிக்கையாளர்களின் ஃபைல்களைத் தொட்டார்கள். அதற்கு முந்தைய வருஷம் நெட்வொர்க் கருவிகள் விற்கும் சிஸ்கோவிலும் ஆரம்பம் இதேதான்: ஊழியரின் சொந்த கூகுள் கணக்கு, அதில் சிங்க் ஆகியிருந்த அலுவலகப் பாஸ்வேர்டு.

இரண்டும் மற்றவர்களுக்குப் பாதுகாப்பு விற்கும் இடங்கள். இதைப் படித்த அன்று என் பட்டியலைத் திறந்து பார்த்தேன். அலுவலகத்துடையது ஒன்பது இருந்தது.

செப்டம்பர் 14

நோட்டுக்காரர் விடவில்லை. "பிரவுசரும் வேண்டாம், தனி பாஸ்வேர்டு மேனேஜர் வைத்துக்கொள்ளலாமா?" என்கிறார்.

வைத்துக்கொள்ளலாம். பாஸ்வேர்டுகளைப் பூட்டி வைப்பதற்கென்றே உள்ள ஆப் அது. அதற்குத் தனிச் சாவி உண்டு, சும்மா இருந்தால் கொஞ்ச நேரத்தில் தானே பூட்டிக்கொள்ளும். பிரவுசரில் எனக்குக் குறையாகப் படுவது இந்த இரண்டும்தான். ஆனால் அதன் பெட்டகம் பெரும்பாலும் அந்த நிறுவனத்தின் சர்வரிலும் இருக்கும். 2022-இல் லாஸ்ட்பாஸ் என்ற மேனேஜர் நிறுவனத்தில் வாடிக்கையாளர் பெட்டகங்களின் பேக்கப்பையே திருடிப் போனார்கள். பாஸ்வேர்டுகள் பூட்டித்தான் இருந்தன. எந்தெந்தத் தளத்தில் கணக்கு இருக்கிறது என்ற முகவரிகள் பூட்டப்படவில்லை. மாஸ்டர் பாஸ்வேர்டைச் சின்னதாக வைத்திருந்தவர்களின் பெட்டியைத் திருடன் தன் இடத்தில் உட்கார்ந்து, அவசரமில்லாமல் முயன்று பார்க்கலாம். தனி மேனேஜர் வைத்தால் அந்த ஒரு பாஸ்வேர்டு நீளமாக இருக்க வேண்டும், வேறெங்கும் பயன்படுத்தாததாக இருக்க வேண்டும்.

செப்டம்பர் 15

மேனேஜருக்கு மாறப் போகிறேன் என்று எழுதியவர் கவனத்துக்கு, அவசரம். பிரவுசரிலிருந்து 'எக்ஸ்போர்ட்' கொடுத்தால் கிடைப்பது ஒரு சிஎஸ்வி ஃபைல். அதில் பூட்டே கிடையாது. நோட்பேடில் திறந்தால் தளம், யூசர்நேம், பாஸ்வேர்டு, கமா போட்டு வரிசையாக இருக்கும். வேலை முடிந்ததும் அழியுங்கள், குப்பைத் தொட்டியிலிருந்தும் அழியுங்கள். டவுன்லோட்ஸ் ஃபோல்டர் கிளவுடுக்கு பேக்கப் ஆகிறதா என்று பாருங்கள், அங்கேயும் ஒரு நகல் இருக்கும். மூன்று வருஷம் முந்தைய என்னுடைய ஒன்று எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில் இருந்து கிடைத்தது.

செப்டம்பர் 18

முதல் நாள் 'பக்கம் திறந்து முடிவதற்குள் நிரப்பி வைத்திருக்கும்' என்று பெருமையாகச் சொன்னேன். அதிலும் ஒரு கோணல் இருக்கிறது. 2017 டிசம்பரில் பிரின்ஸ்டன் ஆய்வாளர்கள் ஒன்றைக் காட்டினார்கள். சில தளங்களில் ஓடிய விளம்பர நிறுவன ஸ்கிரிப்டுகள், கண்ணுக்குத் தெரியாத ஒரு லாகின் படிவத்தைப் பக்கத்துக்குள் வைத்தன. பிரவுசர் பாவம், வழக்கம்போல் நிரப்பியது. ஸ்கிரிப்ட் அதிலிருந்து மெயில் முகவரியை எடுத்து, ஆளைப் பின்தொடரப் பயன்படுத்தியது. அவர்கள் பார்த்தவரை எடுத்தது முகவரியைத்தான். ஆனால் பாஸ்வேர்டையும் அதே வழியில் எடுக்க முடியும்.

அதனால் தானாக நிரப்புவதை நிறுத்திவிட்டு, கட்டத்தைத் தொட்டால் மட்டும் நிரப்பும்படி வைக்க முடிந்தால் வையுங்கள். முகவரி பொருந்தாவிட்டால் அப்போதும் பிரவுசர் எதையும் காட்டாது, ஆகவே அந்தப் போலிப் பக்கத்தில் என்னைக் காப்பாற்றிய குணம் போகாது.

செப்டம்பர் 21

நோட்டுக்காரருக்கு ஒரு கடன் பாக்கி.

நோட்டை முதல் நாள் ஒரேயடியாகத் தள்ளினேன். அதைத் திரும்பப் பெறுகிறேன். 2024 ஜூலையில், அதே 127-ஆம் பதிப்பில், விண்டோஸ் குரோம் பயனர்கள் பலருக்கு சேமித்த பாஸ்வேர்டுகள் திடீரென்று கண்ணில் படாமல் போயின. கிட்டத்தட்ட 18 மணி நேரம். யாரும் திருடவில்லை, மென்பொருள் பிழை. அந்த 18 மணி நேரத்தில் நோட்டு வைத்திருந்தவர்களுக்கு ஒரு கஷ்டமும் இல்லை.

நோட்டை இணையம் வழியாக யாரும் திருட முடியாது என்பதும் உண்மை. எனக்கு அதில் உள்ள ஒரே பயம், கையால் அடிக்க வேண்டுமே என்று பாஸ்வேர்டு சின்னதாகிவிடும், பத்து இடத்துக்கு ஒன்றே போதும் என்று ஆகிவிடும். உங்கள் நோட்டைத் திறந்து பாருங்கள். எத்தனை ஒரே மாதிரி இருக்கின்றன? ஓரிடத்தில் கசிந்ததை மற்ற எல்லா இடத்திலும் போட்டுப் பார்ப்பது இன்று கணக்குத் திருட்டு நடக்கும் முக்கியமான வழிகளில் ஒன்று.

செப்டம்பர் 22 (அவர் பதில்)

"எண்ணினேன். 38-இல் 25 ஒன்றுதான். கடைசி எண் மட்டும் மாறும். மாற்ற ஆரம்பித்திருக்கிறேன்."

செப்டம்பர் 28

இப்போது என்னிடம் எப்படி இருக்கிறது என்று கேட்டவர்களுக்கு.

பிரவுசரில் சேமிப்பதை நிறுத்தவில்லை. 60 சொச்சம் அங்கேதான் இருக்கின்றன, ஒவ்வொன்றும் பிரவுசரே உருவாக்கிக் கொடுத்த நீளமான பாஸ்வேர்டு. மெயிலும் பணக் கணக்குகளும் அங்கே இல்லை. பாஸ்கீ (பாஸ்வேர்டுக்குப் பதில் கைரேகையோ சாதனத்தின் பூட்டோ கொண்டு நுழையும் முறை) ஏற்கும் தளங்களில் அதற்கு மாறிவிட்டேன். அதில் தளத்துக்கு நாம் ரகசியம் எதையும் அடித்துக் கொடுப்பதில்லை, போலிப் பக்கம் பிடுங்கிக்கொள்ள ஒன்றும் இல்லை. மெயில் பாஸ்வேர்டும் அவசரத்துக்கான மீட்புக் குறியீடுகளும் ஒரு தாளில், அலமாரியில். மனைவிக்கு இடம் தெரியும்.

லேப்டாப்பில் இப்போது மூன்று கணக்கு. பாஸ்வேர்டு எதுவும் பகிர்வதில்லை. அக்கா மகனுக்குக் கொடுத்தது அட்மின் உரிமை இல்லாத கணக்கு. அவன் கணக்கில் ஏதாவது புகுந்தால் அது சாதாரணமாக என் ஃபோல்டரைத் தொட முடியாது, டிபிஏபிஐ என் சாவியை அவன் பெயரில் திறக்காது. இதைச் செய்ய ஆனது இருபது நிமிஷம். போன வருஷம் லீவுக்கு அவன் வருமுன் செய்திருக்கலாம்.

நேற்று ஃபோன் செய்தான். "மாமா, விளையாட்டை மாத்துற ஒரு மோட் ஃபைல் இறக்கியிருக்கேன். ஜிப்புக்கு பாஸ்வேர்டு கேக்குது. இன்னும் தொடலை, என்ன பண்ணட்டும்?"

அழித்துவிடச் சொன்னேன். குப்பைத் தொட்டியையும் காலி செய்துவிட்டு, ஸ்கிரீன்ஷாட் அனுப்பினான்.